தையல் மெஷின் மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஒருநாள் துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு கிடந்தது. சிக்கல் கீழே இருக்கிறது, அப்படியென்றால் கீழ் நூல் சுற்றியிருக்கும் சின்ன உருளையான பாபினில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன். பாபின் உட்காரும் கூடான பாபின் கேஸில் இருக்கும் சின்னத் திருகை ஒரு சாயங்காலம் முழுக்க இப்படியும் அப்படியும் திருப்பினேன். கடைசியில் திருகு கழன்று தரையில் உருண்டு, அதைத் தேடுவதிலேயே இருட்டிவிட்டது. மறுநாள் காலையில் மேல் நூலை உருவிவிட்டு முதலிலிருந்து கோத்தேன். தையல் சீராக விழுந்தது. பாபினில் ஒரு குறையும் இருக்கவில்லை.

தையல் மெஷினில் கோளாறு கண்ணில் படுகிற இடமும் அது பிறக்கிற இடமும் பெரும்பாலும் வேறு வேறு. அடியில் தெரியும் சிக்கல் மேலிருந்து வரும். நூல் அறுந்தால் நூலைக் குறை சொல்வோம். காரணம் ஊசியாக இருக்கும். துணி சுருங்கினால் துணி சரியில்லை என்போம். தையலின் நீளம் காரணமாக இருக்கும். அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் மெஷின் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். காலால் மிதிப்பது, கையால் சுற்றுவது, மோட்டார் வைத்தது எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். வேறுபடும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

திருகைத் தொடும் முன்

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் ஐந்து நிமிடத்தை இதற்குக் கொடுங்கள். மோட்டார் மெஷின் என்றால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்.

மேல் நூலை நூல்கட்டைக்குப் பக்கத்தில் வெட்டிவிட்டு, ஊசிப் பக்கமாக இழுத்து வெளியே எடுங்கள். பின்பக்கமாக உருவினால் நூலில் ஒட்டியிருக்கும் பஞ்சு டென்ஷன் தட்டுகளுக்குள் போய்த் தங்கிவிடும். அப்புறம் துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் அழுத்துக்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு புதிதாகக் கோத்துவிடுங்கள். ஊசியைக் கழற்றிப் புதியது போடுங்கள். பார்வைக்கு நன்றாக இருக்கிற ஊசியாக இருந்தாலும் மாற்றுங்கள், முனை மழுங்கியது கண்ணுக்குத் தெரியாது. பாபினை எடுத்துவிட்டு அந்த இடத்திலும், ஊசி இறங்கும் ஓட்டை உள்ள ஊசித்தட்டைக் கழற்றி அதன் அடியிலும் சேர்ந்திருக்கும் பஞ்சை பிரஷால் கூட்டி எடுங்கள். வாயால் ஊத வேண்டாம். ஊதினால் பஞ்சு இன்னும் உள்ளே போகும், மூச்சின் ஈரமும் இரும்பில் படியும்.

இப்போது ஒரு துண்டுத் துணியை இரண்டாக மடித்துத் தைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டு மெஷினில் வந்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்திலேயே தீர்ந்திருக்கின்றன. மேல் நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷன் திருகு வரிசையில் கடைசி. அதைத் தொடுவதாக இருந்தால் முன்பு எந்த எண்ணில் இருந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு தொடுங்கள்.

கீழே அடிக்கடி வரும் நான்கு பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். மேல் நூலை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பவை டென்ஷன் தட்டுகள். மெஷினின் முன்பக்கம் ஏறி இறங்கும் ஓட்டை வைத்த கம்பி நூல்தூக்கி. ஊசித்தட்டின் வழியாக எழுந்து துணியைப் பின்னால் தள்ளுவது பல். அடியில் இருந்து மேல் நூலைப் பிடித்துப் பாபினைச் சுற்றிக் கொண்டுபோகும் கொக்கி ஷட்டில்.

அடியில் நூல் கொத்தாகச் சேர்கிறது

ஒவ்வொரு தையலுக்கும் மேல் நூல் ஒரு வளையமாகக் கீழே போய்ப் பாபினை முழுக்கச் சுற்றி வருகிறது. அந்த வளையத்துக்கு நிறைய நூல் தேவை. சுற்றி முடிந்ததும் மிச்ச நூலை மேலே இழுத்துக்கொள்வது நூல்தூக்கியின் வேலை. அது இழுக்கும்போது நூல்கட்டைப் பக்கமிருந்து புது நூல் தாராளமாக வந்துவிடாமல் பிடித்துக்கொள்வது டென்ஷன் தட்டுகளின் வேலை. இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் கீழே போன நூல் கீழேயே தங்கிக் கொத்தாகிவிடும். ஆகவே அடியில் கொத்து என்றால் மேலே பாருங்கள்.

அழுத்துக்கால் கீழே இருக்கும்போது டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும். அந்த நிலையில் கோத்தால் நூல் தட்டுகளுக்கு நடுவே போகாமல் ஓரத்தில் தொங்கும். பார்த்தால் சரியாகக் கோத்த மாதிரியே இருக்கும். சோதிப்பது சுலபம். கோத்து முடித்ததும், ஊசியில் நுழைக்கும் முன், அழுத்துக்காலைத் தூக்கி நூலை இழுங்கள், லேசாக ஓடி வர வேண்டும். காலை இறக்கிவிட்டு இழுங்கள், கையில் எதிர்ப்பு தெரிய வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி லேசாக இருந்தால் நூல் தட்டுக்குள் இல்லை. திரும்பக் கோத்தும் அப்படியே இருந்தால் தட்டுகளுக்கு நடுவே பஞ்சு அடைத்திருக்கிறது என்று அர்த்தம். காலைத் தூக்கி வைத்து, மெல்லிய துணியின் மடித்த ஓரத்தைத் தட்டுகளுக்கு நடுவே விட்டு மேலும் கீழும் இழுத்தால் பஞ்சு வந்துவிடும். அங்கே எண்ணெய் விடக்கூடாது.

அடுத்தது நூல்தூக்கி. அதன் ஓட்டையிலிருந்து நூல் நழுவியிருந்தால் முதல் சில தையலிலேயே கொத்து விழுந்து மெஷின் நின்றுவிடும்.

தைக்க ஆரம்பிக்கும் இடத்தில் மட்டும் கொத்து விழுந்து, பிறகு தையல் சரியாகப் போனால் கோத்ததில் பிழை இல்லை. மேல் நூல், கீழ் நூல் இரண்டின் நுனியையும் காலுக்கு அடியில் பின்பக்கமாக விட்டு, முதல் மூன்று நான்கு தையல் வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். போதும்.

விழுந்துவிட்ட கொத்தை எடுக்கும்போது துணியைப் பிடித்து இழுக்காதீர்கள். ஊசி வளையும், துணியும் கிழியும். கைச்சக்கரத்தைச் சுற்றி ஊசியை மேலே கொண்டுவந்து, காலைத் தூக்கி, துணிக்கும் ஊசித்தட்டுக்கும் நடுவே சின்னக் கத்திரியை விட்டு நூலை வெட்டுங்கள். பிறகு பாபினைக் கழற்றி மிச்ச இழைகளை ஒவ்வொன்றாக எடுங்கள். ஒரு இழை உள்ளே தங்கினாலும் நாளைக்கு வேறு பெயரில் கோளாறாக வரும்.

மேல் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது

அறுந்த நுனியைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் பாருங்கள். நுனி பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தால் எங்கேயோ உரசி உரசித் தேய்ந்திருக்கிறது. கத்தியால் வெட்டியது போல இருந்தால் கூரான ஏதோ ஒன்று வெட்டியிருக்கிறது, அல்லது நூல் ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு வெடுக்கென்று இழுபட்டிருக்கிறது.

தேய்ந்த நுனி என்றால் ஊசிக் கண்ணில் ஆரம்பியுங்கள். நூலின் ஒரே இடம் தையலாக அமர்வதற்கு முன் ஊசிக் கண் வழியாகப் பல முறை ஏறி இறங்குகிறது. கண் சின்னதாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழை உரியும். இதற்கு எனக்குப் பிடித்த ஒரு சோதனை உண்டு. ஊசியைக் கழற்றி, அதே நூலில் ஓர் அடி நீளம் வெட்டிக் கோத்து, நூலை இரண்டு கையாலும் சாய்வாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றால் ஒரு அளவு பெரிய ஊசி போடுங்கள். பளபளக்கும் ஜரிகை மாதிரி நூல்களுக்குக் கண் பெரிதாக உள்ள தனி ஊசியே வேண்டும்.

ஊசி சரி என்றால் ஊசித்தட்டின் ஓட்டையைப் பாருங்கள். எப்போதோ ஊசி வளைந்து தட்டில் குத்தியிருந்தால் அங்கே சிறு பிசிறு இருக்கும். நைலான் காலுறை மாதிரி மெல்லிய துணியால் ஓட்டையின் விளிம்பைத் தடவினால் பிசிறு இருக்கும் இடத்தில் துணி மாட்டும். மிக நைசான உப்புத்தாளைச் சுருட்டி அந்த இடத்தை மட்டும் மெதுவாகத் தேய்த்து வழவழப்பாக்கலாம். ஷட்டிலின் மூக்கிலும் இதே போலப் பிசிறு வரும், அங்கே அளவோடு தேயுங்கள். மூக்கின் கூர் போய்விட்டால் தையல் விட ஆரம்பிக்கும்.

வெட்டுப்பட்ட நுனி என்றால் நூல்கட்டையிலிருந்து வழியைத் தொடருங்கள். பிளாஸ்டிக் கட்டையின் விளிம்பில் நூல் நுனியைச் செருகி வைக்க ஒரு வெட்டு இருக்குமே, ஓடும் நூல் அதில் மாட்டும். அந்தப் பக்கம் நூல் வெளியேறும் திசைக்கு எதிரே இருக்கும்படி கட்டையைத் திருப்பிப் போடுங்கள். நூல் சுற்றியிருக்கும் விதத்தையும் கவனியுங்கள். இழைகள் ஒன்றுக்கு மேல் ஒன்று நேராகச் சுற்றியிருந்தால் கட்டை சுழன்று பக்கவாட்டில் நூல் வர வேண்டும், அதற்கு நிற்கிற கம்பி நல்லது. குறுக்கும் நெடுக்குமாக எக்ஸ் வடிவில் சுற்றியிருந்தால் கட்டை அசையாமல் அதன் தலைப்பக்கமாக நூல் வர வேண்டும். மாற்றிப் போட்டால் நூல் முறுக்கேறும்.

நூலும் வயதாகும். பருத்தி நூல் பல வருடம் வெயிலும் ஈரமும் பட்டுக் கிடந்தால் இற்றுவிடும். ஒரு முழம் எடுத்து இரண்டு கையாலும் சுண்டி இழுங்கள். பட்டென்று சத்தத்தோடு அறுந்தால் நல்ல நூல். சத்தமே இல்லாமல் பிரிந்து வந்தால் அதைக் கைவேலைக்கு, தற்காலிகத் தையலுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அறுந்துபோகாமல், முதல் தையலிலேயே ஊசியிலிருந்து நூல் உருவிக்கொண்டு வந்துவிடுகிறதா? தைக்கத் தொடங்கும்போது நூல்தூக்கி உச்சியில் இல்லை. கைச்சக்கரத்தைச் சுற்றி அதை மேலே கொண்டுவந்துவிட்டு, நூல் நுனியை ஒரு சாண் விட்டு ஆரம்பியுங்கள்.

தையல் விட்டு விட்டு விழுகிறது

மேலே இருந்து பார்த்தால் சில இடத்தில் தையல் நீளமாகத் தெரியும், இழுத்தால் பிரியும். ஊசி இறங்கியது, ஆனால் ஷட்டில் அதன் நூலைப் பிடிக்கவில்லை.

ஊசி அடிமட்டத்துக்குப் போய்விட்டு சுமார் 2 மி.மீ. மேலே எழும்போது, நூல் துணியில் உரசிக்கொண்டு பின்தங்குகிறது. அதனால் ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே, பின்பக்கம், ஒரு சின்ன வளையம் பிதுங்கும். அந்த நொடியில் ஷட்டிலின் மூக்கு வந்து வளையத்துக்குள் நுழைய வேண்டும். ஊசியின் பின்பக்கம் கண்ணுக்கு மேலே ஒரு பள்ளம் இருப்பதே மூக்கு நெருங்கி வரத்தான். இவ்வளவு நுணுக்கமான சந்திப்பில் ஊசி அரை மி.மீ. கீழே இறங்கியிருந்தாலும் போச்சு. அதனால் ஊசியை மாட்டும்போது முட்டும் வரை மேலே தள்ளிவிட்டுத் திருகை இறுக்குங்கள்.

ஊசி திரும்பியிருந்தாலும் இதே கதி. வீட்டு மெஷின் ஊசியின் தடித்த பகுதியில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஊசியின் நீளவாட்டில் ஒரு பள்ளக்கோடு ஓடும். நூல் அந்தக் கோட்டுப் பக்கமிருந்துதான் கண்ணுக்குள் போக வேண்டும். உங்கள் மெஷினில் எந்தப் பக்கம் என்று குழப்பமாக இருந்தால், ஊசிக்கு நேர் மேலே உள்ள கடைசி நூல் கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே கோட்டுப் பக்கம்.

ஊசியின் அளவு எண்கள் இரண்டு முறையில் சேர்த்தே அச்சாகியிருக்கும்: 70/10, 80/12, 90/14, 100/16. முதல் எண் ஊசித் தண்டின் பருமன், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கில். 80 என்றால் 0.80 மி.மீ. மெல்லிய துணிக்கு 70, சாதாரணப் பருத்திக்கு 80, தடித்த துணிக்கு 90 அல்லது 100, ஜீன்ஸ் மடிப்புக்கு 100 அல்லது 110. உறையில் 130/705 எச் என்று இருந்தால் அது வீட்டு மெஷினுக்கான தட்டை ஊசி வகை. தொழிற்சாலை மெஷினுக்கான உருண்டை ஊசியைத் தெரியாமல் மாட்டியும் தையல் விடுவதுண்டு.

பனியன் துணியில் மட்டும் தையல் விடுகிறதென்றால் மெஷினைச் சந்தேகிக்கவே வேண்டாம். பின்னல் துணி இழுபடும்போது ஊசியோடு சேர்ந்து மேலே வந்துவிடுகிறது, வளையம் உருவாகும் முன்பே நூலும் மேலே போய்விடுகிறது. முனை உருண்ட, பின்னல் துணிக்கான ஊசி போட்டால் அது கண்ணிகளை ஒதுக்கிவிட்டு இறங்கும். துணியின் கீழ் மெல்லிய தாள் வைத்துத் தைத்துப் பிறகு கிழித்தெடுப்பதும் உதவும்.

தையல் பார்க்கச் சமமாக இல்லை

மேலே சிவப்பு நூல், கீழே நீல நூல் என்று வேறு வேறு நிறத்தில் போட்டு ஒரு சாண் தைத்துப் பாருங்கள். மேல்பக்கம் நீலப் புள்ளிகள் எட்டிப் பார்த்தால் மேல் நூல் அதிகமாக இழுக்கிறது, அல்லது பாபின் நூல் அதன் தகட்டுக்கு அடியில் நுழையாமல் சும்மா ஓடுகிறது. பாபினை எடுத்து நூலைத் திரும்ப அந்தத் தகட்டுக்கு அடியில் விடுங்கள். நீலம் இன்னும் தெரிந்தால் மேல் டென்ஷனைக் கொஞ்சம் குறையுங்கள். அடிப்பக்கம் சிவப்பு தெரிந்தால் எதிர்மாறாக.

கழற்றக்கூடிய பாபின் கேஸ் என்றால் அதன் இறுக்கத்தைக் கையாலேயே பார்க்கலாம். பாபினோடு கேஸை நூலில் தொங்கவிடுங்கள். சும்மா தொங்கும்போது அது நிற்க வேண்டும், கையை லேசாகச் சுண்டினால் இரண்டு விரல்கடை இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று தரைக்கு வந்தால் தளர்வு, சுண்டியும் அசையாவிட்டால் இறுக்கம். இங்கேதான் அந்தச் சின்னத் திருகைத் தொடும் நேரம் வருகிறது. கடிகார முள் ஐந்து நிமிடம் நகரும் அளவுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள்.

ஊசி உடைகிறது

துணி மெதுவாகப் போகிறதே என்று பின்னாலிருந்து இழுப்பவர்களுக்கு இது அதிகம் நடக்கும். இழுக்கும்போது ஊசி வளைந்து ஓட்டைக்குள் போகாமல் தட்டில் குத்துகிறது. கையின் வேலை துணியைத் திசை காட்டுவது மட்டும், நகர்த்துவது பல்லின் வேலை. குண்டூசிமேல் தைப்பது, ஜிக்ஜாக் வைத்திருக்கும்போது நேர்த்தையல் காலை மாட்டியிருப்பது, ஊசித் திருகு தளர்ந்திருப்பது ஆகியவை மற்ற காரணங்கள். புதுக் கால் மாட்டியதும் கைச்சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி ஊசி எதிலும் இடிக்கவில்லை என்று பார்த்துவிட்டுத் தைக்கத் தொடங்குங்கள்.

தடித்த மடிப்பில் ஏறும்போது கால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு சாய்கிறது, ஊசியும் நழுவி உடைகிறது. காலின் பின்பகுதிக்கு அடியில் அதே தடிமனுக்கு ஒரு துணியை மடித்து வைத்தால் கால் சமமாகிவிடும். அந்த இரண்டு மூன்று தையலைக் கைச்சக்கரத்தாலேயே போடுங்கள்.

உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் சேர்த்துப் பார்த்து முழு ஊசியாகிறதா என்று சரிபார்க்காமல் வேலையைத் தொடராதீர்கள். முனைத்துண்டு ஷட்டிலுக்குள் விழுந்திருக்கலாம். அதைவிட மோசம், துணி மடிப்புக்குள் இருந்துவிடலாம். குழந்தை உடுப்பாக இருந்தால் ஒரு காந்தத்தை வைத்து மடிப்பு முழுக்கத் தடவிவிடுங்கள்.

துணி நகர மாட்டேன் என்கிறது

தையல் நீளம் 0-வில் இருக்கிறதா, பல்லை இறக்கும் விசை தட்டப்பட்டிருக்கிறதா, இந்த இரண்டையும் பாருங்கள். இல்லையென்றால் பல்லின் வரிசைகளுக்கு நடுவே பஞ்சு கெட்டியாகப் படிந்து அதை எழவிடாமல் செய்கிறது. ஊசித்தட்டைக் கழற்றினால் கம்பளி மாதிரி ஒரு தகடு வரும். ஊசி முனையால் கிளறி எடுங்கள்.

துணியின் முனையை மட்டும் ஓட்டை விழுங்குகிறதா? ஓரத்திலிருந்தே தைக்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஒரு துண்டுத் துணியில் நாலு தையல் போட்டு, வெட்டாமல், அப்படியே உங்கள் துணியை அதன் பின்னால் கொடுங்கள்.

இரண்டு அடுக்கைத் தைத்து முடிக்கும்போது மேல் துணி மிஞ்சி நிற்பது வேறு விஷயம். பல் கீழ்த்துணியை இழுக்கிறது, கால் மேல்துணியைப் பிடித்து நிறுத்துகிறது. நீளத் தையலில் இந்த வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகும். நெருக்கமாகக் குண்டூசி குத்தி, ஊசி அருகே வரும்போது ஒவ்வொன்றாக எடுங்கள். நீளம் கொஞ்சம் கூடுதலான துணி இருந்தால் அதைக் கீழே வைத்துத் தையுங்கள், பல்லே அதை உள்வாங்கிச் சமன் செய்துவிடும். இது தெரிந்த பிறகு சட்டைக்குக் கை வைத்துத் தைப்பது எனக்கு நிம்மதியான வேலையாகிவிட்டது.

தைத்த இடம் சுருங்கிக் கிடக்கிறது

மெல்லிய துணியில் டென்ஷனைக் குறையுங்கள், சன்ன ஊசி போடுங்கள். அடர்த்தியான நெசவில் மிகக் குறுகிய தையல் போட்டால் நூல்களே இடத்தை அடைத்துத் துணியைப் பிதுக்கும், அங்கே நீளத்தைக் கூட்டுங்கள். தைக்கும்போது நன்றாக இருந்து மறுநாள் சுருங்கினால் பாபினை நினைத்துப் பாருங்கள். பாலியெஸ்டர் நூலை வேகமாகச் சுற்றினால் அது இழுபட்ட நிலையிலேயே பாபினில் ஏறுகிறது. துணியில் அமர்ந்த பிறகு பழைய நீளத்துக்குத் திரும்பும்போது துணியையும் சேர்த்து இழுக்கிறது. பாதி வேகத்தில் சுற்றினால் இது வராது.

சத்தம், இறுக்கம், அசைவில்லாமை

ஒவ்வொரு தையலுக்கும் டக், டக் என்று குத்தும் சத்தம் வந்தால் மழுங்கிய ஊசி. காய்ந்த இரும்பு உரசும் சத்தம் என்றால் எண்ணெய். இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் ஒரு சொட்டு போதும். தையல் மெஷினுக்கென்று விற்கும் தெளிந்த எண்ணெயை மட்டும் விடுங்கள். சமையல் எண்ணெய் சில மாதத்தில் பிசினாக இறுகி மெஷினையே கட்டிவிடும். பெல்ட்டில் எண்ணெய் படக்கூடாது. எண்ணெய் விட்டபின் நூல் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டி, பிறகு பழைய துணியில் தைத்து மிச்சத்தைத் துடைக்கவிடுங்கள். சில புது மெஷின்களில் எண்ணெய் விடும் துளையே இருக்காது. கையேடு வேண்டாம் என்றால் விட வேண்டாம்.

ஏற்கெனவே பிசினாகி இறுகிய பழைய இரும்பு மெஷின் என்றால், உரசும் இடங்களில் மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, சில மணி நேரம் ஊறவிட்டு, சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். கரைந்து வரும் பழுப்பைத் துடைத்து எடுத்ததும் கட்டாயம் நல்ல எண்ணெய் விட வேண்டும். மோட்டாருக்குப் பக்கத்திலும் அடுப்பு எரிகிற இடத்திலும் இதைச் செய்யாதீர்கள்.

ஓடிக்கொண்டிருந்த மெஷின் திடீரென்று கட்டிக்கொண்டால் ஷட்டில் ஓடும் வளையத்தில் நூல் துணுக்கு மாட்டியிருக்கிறது. மோட்டார் முனகிக்கொண்டு சக்கரம் சுற்றாவிட்டால் உடனே மிதியிலிருந்து காலை எடுத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள், மோட்டார் சூடேறிக் கருகும். முன்பக்கமோ பக்கவாட்டிலோ பாபின் கேஸ் உள்ள மெஷினில் இப்படிச் செய்யுங்கள்:

1. நூல்தூக்கி உச்சிக்கு வரட்டும். வராவிட்டால் வரும் அளவுக்குச் சக்கரத்தைத் திருப்புங்கள். ஊசியையும் பாபின் கேஸையும் கழற்றுங்கள்.
2. ஷட்டில் வளையத்தைப் பிடித்திருக்கும் இரண்டு தாழ்களையும் வெளிப்பக்கம் தள்ளுங்கள். வளையம் கையோடு வரும். பிறகு நடுக்கம்பியைப் பிடித்து ஷட்டிலை எடுங்கள்.
3. வழித்தடத்தை இடுக்கியாலும் பிரஷாலும் சுத்தம் செய்து, ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.
4. கழற்றிய வரிசைக்கு எதிர்வரிசையில் மாட்டுங்கள். பாபின் கேஸ் 'கிளிக்' என்று உட்கார வேண்டும்.

இதை முதல் தடவை செய்யும்போது ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சக்கரம் சுற்றுகிறது, ஊசி மட்டும் அசையவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பாபின் சுற்றும் கம்பி அதன் பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது, அல்லது பழைய மெஷினாக இருந்தால் சக்கரத்தின் நடுக்குமிழ் தளர்த்தப்பட்டிருக்கிறது. குமிழை இறுக்கினால் சரி. மிதிக்கும்போது பெல்ட் வழுக்கினால் கொக்கியைக் கழற்றி, அரை அங்குலம் வெட்டி, திரும்ப மாட்டுங்கள். அதிகம் வெட்டிவிட்டால் மிதி கனத்துவிடும்.

துண்டுத் துணிப் போர்வையில் வருபவை

குயில்ட் தைப்பவர்களுக்குத் தனியாக நாலு வார்த்தை. துண்டுகளை இணைத்து முடித்ததும் வரிசைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் கால் அங்குலத் தையல் ஓரம் தவறுகிறது. 1 மி.மீ. கூடினால் ஒரு தையலுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து 2 மி.மீ. போகும். 9 துண்டு வரிசையில் 8 தையல், ஆக 16 மி.மீ. குறையும். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி இணைத்துப் பாருங்கள். நடுப்பட்டை சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் ஓரத்தை ஒரு நூலிழை அளவு குறைத்துத் தையுங்கள், மடிப்பு திரும்பும் இடமும் கொஞ்சம் துணியைத் தின்னும். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள்.

மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது அடியில் கொசுவம் விழுந்தால், அடித்துணியை விறைப்பாக விரித்து ஒட்டுப் பட்டையால் தரையில் பிடித்துவைத்து, ஒரு கையகலத்துக்கு ஒரு பின் வீதம் குத்தியிருந்தீர்களா என்று யோசியுங்கள். மேல்துணியையும் நகர்த்தும் நடைக்கால் இருந்தால் மாட்டுங்கள். தையலை ஓரத்தில் தொடங்காமல் நடுவில் தொடங்கி வெளியே போங்கள்.

பல்லை இறக்கிவிட்டுக் கையால் கோலம் போடுவது போலத் தைக்கும்போது, வளைவுகளில் அடியில் கண் இமை மாதிரி நூல் நீட்டிக்கொண்டிருக்கும். வளைவில் கை வேகமாகிவிடுகிறது, மெஷின் அதே வேகத்தில் இருக்கிறது. வளைவில் கையை நிதானமாக்குங்கள். அழுத்துக்காலை இறக்க மறந்திருந்தாலும் இமை விழும். பல் கீழே இருப்பதால் கால் மேலே இருப்பது கண்ணில் படாது.

முதல் சலவையில் ஒரு துண்டின் சாயம் இறங்கிப் பக்கத்துத் துண்டில் ஏறிவிட்டால் காயவிடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே பெரிய பாத்திரம் நிறைய வெந்நீரும் கொஞ்சம் சோப்பும் விட்டு முழுக்க அமிழ்த்தி வையுங்கள். தண்ணீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

மெக்கானிக்கிடம் எப்போது

புது ஊசி, சரியாகக் கோத்த நூல், சுத்தமான ஷட்டில் எல்லாம் இருந்தும் எந்தத் துணியிலும் ஒரு தையல்கூட விழவில்லை என்றால் ஊசியும் ஷட்டிலும் சந்திக்கும் நேரம் பிசகியிருக்கிறது. ஊசி பலமாக இடித்து உடைந்த மறுநாள் இது தெரியவரும். இதை வீட்டில் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். மின்கம்பி, மிதிப்பெட்டி சூடாவது, கருகிய வாசனை ஆகியவையும் அப்படியே. கொண்டுபோகும்போது மெஷினோடு, கோளாறு தெரியும் தையல் துண்டையும், நூல் நுனிகளை வெட்டாமல், நீங்கள் பயன்படுத்திய அதே ஊசியையும் பாபினையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.